காயம் பொய் சொல்லுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். நான் தலைப்பைச் சொன்னேன்: துப்பாக்கிக் காயத்தின் தோற்றம் எதனால் எல்லாம் மாறுகிறது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே? உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி!" என்றார். நியாயமான கேள்வி. பதிலை உரையின் கடைசியில் சொல்கிறேன். சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன் என்று மட்டும் இப்போதே வாக்குக் கொடுக்கிறேன்.

தமிழ்நாட்டில் துப்பாக்கிக் காயம் என்றவுடன் பெரியவர்கள் பலருக்கு நினைவு வருவது ஒரு புகைப்படம்தான். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். எம்.ஆர். ராதா உடம்பிலும் குண்டு பாய்ந்திருந்தது. கழுத்தில் பெரிய கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் அடுத்த மாதத் தேர்தலில் ஊர் ஊராகச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. நாடு முழுக்கப் பார்த்தது அந்தக் கட்டைத்தான். தடயவியல்காரர் பார்க்க வேண்டியது கட்டுக்குக் கீழே இருப்பதை. அங்கே இருப்பது ஒரு சின்ன ஓட்டை. அதை வைத்துத்தான் எவ்வளவு தூரத்தில் இருந்து, எந்தப் பக்கம் இருந்து, எந்த மாதிரித் துப்பாக்கியால் என்ற கேள்விகளுக்கெல்லாம் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும்.

தமிழில் காயம் என்றால் புண். காயம் என்றால் உடம்பும்தான். உடம்பில் பட்ட காயம் பேசும் என்பார்கள். பேசும், உண்மைதான். ஆனால் எந்த மொழியில் பேசுகிறது என்று தெரியாமல் கேட்டால், அது சொன்னது ஒன்றாகவும் நாம் எழுதியது வேறாகவும் போய்விடும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான்.

பிரஸ் ஷாப்பில் இருந்து தொடங்குவோம்

நம் ஒர்க்ஷாப்பில் ஷீட் மெட்டலில் பஞ்ச் அடித்தது ஞாபகம் இருக்கிறதா? பஞ்ச் மேலே இருந்து இறங்கும். தகட்டின் மேற்பக்கம் ஓட்டையின் ஓரம் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். அடிப்பக்கம் பர் எழுந்திருக்கும், விரலை வைத்தால் கிழிக்கும். எந்தப் பக்கம் இருந்து பஞ்ச் வந்தது என்று முதலாண்டு மாணவன் கூடக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லிவிடுவான்.

தோலும் ஏறக்குறைய இப்படித்தான். குண்டு வந்து அழுத்தும்போது தோல் ரப்பர் மாதிரி உள்ளே குழிந்து, இழுபட்டு, பிறகுதான் துளைபடுகிறது. அப்போது ஓட்டையைச் சுற்றியுள்ள மேல்தோல் உரசித் தேய்ந்துவிடும். இதைச் சிராய்ப்பு வளையம் என்கிறார்கள். குண்டின் மேல் இருந்த எண்ணெய் அழுக்கும் ஓரத்தில் துடைபட்டு ஒட்டிக்கொள்ளும். இவை இரண்டும் குண்டு நுழைந்த காயத்தின் அடையாளங்கள். வெளியேறும் இடத்தில் குண்டு உள்ளிருந்து தள்ளுவதால் தோல் வெளிப்பக்கம் பிதுங்கிக் கிழியும். பொதுவாகப் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் இருக்கும். சிராய்ப்பு வளையம் இருக்காது.

எலும்பில் இது இன்னும் தெளிவு. சின்ன வயதில் கோலிக்குண்டு அடித்து ஜன்னல் கண்ணாடியில் ஓட்டை போட்டு முதுகில் வாங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள். கோலி பட்ட பக்கம் ஓட்டை சின்னது; மறுபக்கம் புனல் மாதிரி விரிந்திருக்கும். மண்டை ஓட்டிலும் அதே கதை. குண்டு நுழையும்போது புனல் உள்பக்கம் விரியும், வெளியேறும்போது வெளிப்பக்கம் விரியும்.

இவ்வளவு சுலபமா என்று நினைக்காதீர்கள். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ள படம். நிஜத்தில் இந்தப் படத்தை மாற்றிவிடும் காரணிகள் பல. முக்கியமானவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

மாற்றும் காரணிகள்

முதல் காரணி வேகம். அரை எம் வி ஸ்கொயர் யாருக்கும் மறந்திருக்காது. சுமார் 10 கிராம் எடையுள்ள குண்டு ரிவால்வரில் இருந்து விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 300 ஜூலை ஒட்டி இருக்கும். அதே எடைக் குண்டு ரைஃபிளில் இருந்து 660 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் 2,000 ஜூலைத் தாண்டும். வேகம் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், ஆற்றலோ கிட்டத்தட்ட 7 மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் உடம்பில் இறங்கினால் ஒரு மாதிரிக் காயம். குண்டு நேராகப் புகுந்து, பெரும்பங்கு ஆற்றலோடு அப்படியே வெளியே போய்விட்டால் வேறு மாதிரிக் காயம். ஆகவே பெரிய துப்பாக்கி என்றால் எப்போதும் பெரிய காயம் என்று கணக்குப் போட முடியாது.

ஓட்டையின் அளவும் குண்டின் அளவும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. தோல் இழுபட்டுத் துளைபட்ட பிறகு மீண்டும் சுருங்கிக்கொள்ளும். ஓட்டை குண்டைவிடச் சின்னதாகவே இருக்கலாம். தோல் ஓட்டையில் வெர்னியர் வைத்துத் துப்பாக்கியின் காலிபரைச் சொல்ல முடியாது.

இரண்டாவது தூரம். துப்பாக்கி வாயில் இருந்து குண்டு மட்டும் வருவதில்லை. சூடான வாயு, புகைக்கரி, எரிந்தும் எரியாத வெடிமருந்துத் துகள்கள் எல்லாம் கூடவே வருகின்றன. வாயை உடம்போடு ஒட்டி வைத்துச் சுட்டால் இவை எல்லாம் காயத்துக்குள்ளேயே போய்விடும். அடியில் எலும்பு உள்ள இடம் என்றால் வாயு போக இடமில்லாமல் தோலை உப்பவைத்து நட்சத்திர வடிவில் கிழித்துவிடும். இதைப் பார்த்து, இவ்வளவு பெரிய கிழிசலா, அப்படியானால் இது வெளியேறிய காயம்தான் என்று ஏமாந்தவர்கள் உண்டு.

சில அங்குலம் தள்ளி இருந்தால் காயத்தைச் சுற்றிக் கரி படியும். இன்னும் தள்ளிப் போனால், கைத்துப்பாக்கிக்குப் பொதுவாக இரண்டு மூன்று அடி வரை, கரி வந்து சேராது; துகள்கள் மட்டும் தோலில் குத்திப் பச்சை குத்தியது போன்ற புள்ளிகளை உண்டாக்கும். கரியைத் துடைக்கலாம், புள்ளிகளைத் துடைக்க முடியாது. அதற்கும் அப்பால் போனால் வெறும் ஓட்டையும் சிராய்ப்பு வளையமும்தான். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் 3 மீட்டரில் சுட்டதா 30 மீட்டரில் சுட்டதா என்று தோலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இந்தத் தூரக் கணக்கும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொது அல்ல. குழல் நீளம், வெடிமருந்தின் வகை இரண்டும் அதை மாற்றும். கருமருந்து போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கக்கும் புகை வேறு, தொழிற்சாலைத் தோட்டா கக்கும் புகை வேறு. அதனால்தான் நிபுணர்கள் அட்டவணையைப் பார்த்துத் தூரம் சொல்வதில்லை. அதே துப்பாக்கியில் அதே வகைத் தோட்டாவைப் போட்டு, துணி மீது பல தூரங்களில் சுட்டுப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். நம் பாஷையில் சொன்னால், காலிபரேஷன் செய்யாத கருவியின் ரீடிங் செல்லாது.

மூன்றாவது கோணம். நேராக வந்தால் சிராய்ப்பு வளையம் சீராக இருக்கும். சாய்ந்து வந்தால் நீள்வட்டமாகி, குண்டு வந்த பக்கம் அகலமாக இருக்கும்.

நான்காவது இடையில் இருந்த பொருள். சட்டை இருந்தால் கரியும் துகளும் சட்டையிலேயே தங்கிவிடும். தோல் சுத்தமாக இருக்கும். சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோலை மட்டும் பார்ப்பவர் தூரத்தில் இருந்து சுட்டது என்று எழுதிவிடுவார். குண்டு வழியில் வேறு எதன் மீதாவது பட்டு வந்தால் நேராக வராமல் சாய்ந்து தள்ளாடி வரும். ஓட்டை நீளமாக இருக்கும். ரவைத் துப்பாக்கியில் இது இன்னும் வேடிக்கை. கேரம் போர்டில் நடுவில் கூட்டி வைத்த காய்களை ஸ்ட்ரைக்கர் அடித்தால் எப்படிச் சிதறுகின்றன! ஒரே கூட்டமாக வரும் ரவைகளில் முன்னால் போகிறவை கதவிலோ திரையிலோ பட்டு வேகம் குறையும். பின்னால் வருபவை அவற்றை இடித்துச் சிதறடிக்கும். சுட்டது பக்கத்தில் இருந்து, காயம் காட்டுவதோ வெகு தூரம்!

ஐந்தாவது பின்னால் இருந்த தாங்கல். பஞ்ச் அடிக்கும்போது கீழே டை சரியாகத் தாங்கினால் ஓட்டை சுத்தமாக வரும். டை இல்லாமல் அடித்தால் தகடு பிதுங்கிக் கிழியும். குண்டு வெளியேறும் இடத்தில் தோல் சுவரிலோ தரையிலோ இறுக்கமான பெல்ட்டிலோ அழுந்தி இருந்தால் அதுவே டை மாதிரி வேலை செய்கிறது. தோல் கிழியாது. ஓட்டை சின்னதாக, வட்டமாக இருக்கும். தாங்கிய பொருளில் உரசுவதால் சிராய்ப்பு வளையம் கூட வந்துவிடும். வெளியேறிய காயம் நுழைந்த காயத்தின் வேஷம் போட்டுக்கொள்கிறது.

ஆறாவது, காயம் பட்ட பிறகு நடந்தவை. கழுவினால் கரி போய்விடும். காயத்தின் ஓரம் காய்ந்தால் கறுத்து, கரி போலவே தெரியும். உடல் அழுகினாலும் பூச்சிகள் மொய்த்தாலும் விளிம்புகள் உருமாறிவிடும். கறுத்த தோலிலும் கறுப்புத் துணியிலும் கரி வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. துணியில் உள்ள கரியைக் காட்ட அகச்சிவப்புப் புகைப்படம் எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரைக் காப்பாற்ற டாக்டர் வைக்கும் கத்தி. இதைப் பற்றித்தான் இனிச் சொல்லப் போகிறேன். இந்த ஆறில் பல ஒரே ஆளிடம் ஒரே நாளில் சேர்ந்து வந்த வழக்கு ஒன்று உண்டு. உலகத்தில் அதிகமாக அலசப்பட்ட துப்பாக்கிக் காயம் அதுவாகத்தான் இருக்கும்.

டல்லாஸ், 1963

1963 நவம்பர் 22. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி டல்லாஸ் நகரில் திறந்த காரில் போகும்போது சுடப்பட்டார். சில நிமிடத்தில் பார்க்லண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் பெரிய காயம். தொண்டையின் முன்பக்கம் ஒரு சின்ன வட்டக் காயம், அரை சென்டிமீட்டர் அளவு. மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். டாக்டர் மால்கம் பெர்ரி அந்தக் காயம் இருந்த இடத்திலேயே கீறி மூச்சுக் குழாயைத் திறந்தார். ஒரு டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணத்தோடு தொண்டைக் காயத்தின் அசல் உருவம் போய்விட்டது. அவசரத்தில் அவரைப் புரட்டிப் போட்டு யாரும் முதுகைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். தொண்டைக் காயம் குண்டு நுழைந்த காயம் போலத் தெரிந்ததாக டாக்டர் பெர்ரி சொன்னார். சின்னது, வட்டம், அவர் பார்த்தது அதுதான். 'போல' என்றுதான் சொன்னார். அடுத்தடுத்த வாய்களில் அந்தப் 'போல' உதிர்ந்துவிட்டது. முன்னால் இருந்து ஒருவன் சுட்டான் என்ற பேச்சு கிளம்பியது. போலீசார் பிடித்து வைத்திருந்தவனோ காருக்குப் பின்பக்கம் இருந்த கட்டடத்தில் வேலை பார்த்தவன்.

அன்று இரவு உடல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு வந்தது. டாக்டர்கள் ஹியூம்ஸ், பாஸ்வெல், ஃபிங்க் மூவரும் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். முதுகின் மேல்பகுதியில் 7 மில்லிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு காயம் இருந்தது. கவனியுங்கள், குண்டின் காலிபரோ 6.5. தோல் சுருங்கும் என்று சொன்னேனே, அதேதான். குண்டு நுழைந்திருக்கிறது, ஆனால் எங்கே போனது என்று அவர்களுக்குப் புரியவில்லை. முன்னால் தொண்டையில் இருப்பது டாக்டர் வைத்த கீறல் என்று நினைத்தார்கள். அதற்கடியில் ஒரு குண்டுக் காயம் இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டையும் கோட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. மறுநாள் காலை டாக்டர் ஹியூம்ஸ் டல்லாஸுக்குப் போன் போட்டு டாக்டர் பெர்ரியிடம் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் உடல் அங்கிருந்து போய்விட்டது.

ஆக, முன்பக்கம் பார்த்தவர்கள் பின்பக்கம் பார்க்கவில்லை. பின்பக்கம் பார்த்தவர்களுக்கு முன்பக்கம் தெரியவில்லை. யானையைத் தடவிய கதையில் வருகிறவர்களாவது ஒரே இடத்தில் நின்று தடவினார்கள். இவர்கள் இரண்டு ஊரில் நின்று தடவினார்கள்.

பிறகு உடைகளைச் சோதித்தபோது முதுகுப் பக்கத் துணி இழைகள் உள்நோக்கியும், சட்டையின் முன் காலர் பக்கம் இழைகள் வெளிநோக்கியும் வளைந்திருந்தன என்று பதிவானது. துணியிலும் பர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படியானால் தொண்டையில் இருந்தது வெளியேறிய காயம். வெளியேறிய காயம் அவ்வளவு சின்னதாக இருக்குமா? இருக்கும் என்பதற்கு இரண்டு விளக்கம் தந்தார்கள். பெரிய எலும்பு எதிலும் மோதாமல் சதைக்குள் கொஞ்ச தூரமே போன ரைஃபிள் குண்டு, தள்ளாடத் தொடங்கும் முன்பே நேராக வெளியேறிவிடும். 1964-இல் எட்ஜ்வுட் ராணுவ ஆய்வகத்தில் அதே ரைஃபிளால் சுட்டுப் பார்த்தபோது வெளியேறும் ஓட்டைகள் பல, நுழைந்த ஓட்டைகளைவிடச் சற்றே நீளமாக மட்டும் இருந்தன. இரண்டாவது விளக்கம், இறுக்கப் பட்டன் போட்ட காலரும் டையும். நம் பஞ்சுக்கு டை. அங்கே கழுத்து டையே அந்த டையின் வேலையைச் செய்தது!

காரில் முன்னால் உட்கார்ந்திருந்த கவர்னர் கானலிக்கு முதுகில் பட்ட காயம் இதற்கு நேர் எதிர். அது நுழைந்த காயம், ஆனால் நீளவாக்கில் சுமார் 1.5 சென்டிமீட்டர். நேராக வந்த குண்டு அப்படி நுழையாது. முதலில் வேறு ஒன்றில் பட்டுத் தள்ளாடி வந்திருக்க வேண்டும் என்பது 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்காக ஆராய்ந்த 9 தடயவியல் மருத்துவர்களில் 8 பேரின் முடிவு. கென்னடியின் கழுத்தைத் துளைத்த குண்டே கவர்னரையும் துளைத்தது என்றார்கள். டாக்டர் சிரில் வெக்ட் ஒருவர் மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. சதி இருந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்குள் போனால் நமக்கு இன்று இரவுச் சாப்பாடும் கிடைக்காது. நான் காயத்தோடு நின்றுகொள்கிறேன்.

அந்த 9 பேரும் 1963-ஆம் ஆண்டுப் பரிசோதனையில் சுட்டிக்காட்டிய குறைகள்தான் எஞ்சினியர்களாகிய நமக்கு முக்கியம். முதுகுக் காயம் இருந்த இடத்தை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? தோள்பட்டை எலும்பு முனையில் இருந்து 14 சென்டிமீட்டர், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனையில் இருந்து 14 சென்டிமீட்டர். தலையைத் திருப்பினால் காது நகரும். கையைத் தூக்கினால் தோள் நகரும். நகரும் இடத்தை டேட்டமாக வைத்து அளந்தால் என் பழைய டிராயிங் மாஸ்டர் ஷீட்டைக் கிழித்துப் போட்டிருப்பார். தலையின் பின்பக்கம் குண்டு நுழைந்த இடம் விஷயத்தில், பரிசோதனை செய்த டாக்டர்கள் சொன்ன இடத்துக்கும் பின்னால் படங்களையும் எக்ஸ்ரேயையும் பார்த்தவர்கள் சொன்ன இடத்துக்கும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வித்தியாசம். உலகத்தின் மிக முக்கியமான மனிதரின் காயத்தில்!

இன்னொன்று. டாக்டர் ஹியூம்ஸ் பரிசோதனையின்போது எழுதிய குறிப்புகளில் ரத்தக் கறை படிந்திருந்தது. அவை பின்னால் யார் கையிலோ காட்சிப் பொருளாகிவிடக் கூடாது என்று நினைத்து, நகல் எழுதிக்கொண்டு, மூலத்தைத் தன் வீட்டுக் கணப்பில் எரித்துவிட்டதாக அவரே சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் பிறகு அவர் எழுதியது எவ்வளவு சரியாக இருந்தாலும், அசல் எங்கே என்று கேட்பவருக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

அப்சர்வேஷன் நோட்

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் இரண்டு நோட்டு உண்டு. ஒன்று அப்சர்வேஷன், இன்னொன்று ரெக்கார்ட். அப்சர்வேஷனில் ரீடிங்கை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ரெக்கார்டில் கணக்குப் போட்டு முடிவு எழுத வேண்டும். நாங்கள் என்ன செய்வோம்? போன வருஷ சீனியரின் ரெக்கார்டில் உள்ள முடிவை எடுத்து, அதில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் தயாரிப்போம். யு.டி.எம். மெஷின் ஓடாத நாளில் கூட எங்களுக்கு ரீடிங் வந்திருக்கிறது! லேபில் இருந்த எங்கள் சார் ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "உன் இரும்பு ரொம்ப ஒழுங்கா நடந்துக்குதேப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு விலை கொடுத்தேன்.

இப்போது செயலாளர் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். எனக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?

படித்து முடித்து நான் முதலில் சேர்ந்த தொழிற்சாலையில் ஒரு 100 டன் பவர் பிரஸ் உண்டு. ஒரு நாள் நைட் ஷிப்டில் அதன் கிராங்க்ஷாஃப்ட் முறிந்தது. காலையில் நான் போய்ப் பார்த்தேன். எனக்கு அப்போது வயது 23. முறிந்த முகம் கிரீஸும் கறுப்புமாக இருந்தது. போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று, வயர் பிரஷ் போட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைத்த பிறகு பளபளவென்று இருந்தது. பெரிய மெஷின், பெரிய முறிவு, ஆகவே அதிக லோடு கொடுத்திருக்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் முடிவு செய்தேன். "ஆபரேட்டர் ஓவர்லோட் செய்ததால் முறிந்தது" என்று ஒரே வரியில் ரிப்போர்ட் எழுதினேன். ஆபரேட்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எனக்கு அந்த மெஷினை அறிமுகம் செய்து வைத்ததே அவர்தான். என் ரிப்போர்ட்டை வைத்து அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வெளியில் இருந்து ஒரு உலோகவியல் நிபுணர் வந்தார். முறிந்த துண்டை அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். கீவே மூலையில் இருந்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு மாதிரி வரிவரியாக விரிசல் வளர்ந்திருந்த தடம் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்த ஃபடீக் விரிசல். அந்த இரவு யார் ஓட்டியிருந்தாலும் முறிந்திருக்கும். முறிந்த பிறகும் ஷாஃப்ட் சில சுற்றுச் சுற்றி, இரண்டு முகமும் ஒன்றோடு ஒன்று உரசித் தேய்ந்து, தடத்தில் பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதியை அழித்தது என் வயர் பிரஷ். "இதை யார் துடைச்சது?" என்று அவர் கேட்டபோது பத்துப் பேர் முன்னால் நான் கையைத் தூக்கினேன்.

அண்ணன் வேலைக்குத் திரும்பினார். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி காபி கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டிய பணத்துக்கு அவருடைய தோட்டை அடகு வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் திட்டவில்லை. "நீங்க பார்த்ததை மட்டும் எழுதியிருந்தா போதும் தம்பி. நினைச்சதையும் சேத்து எழுதிட்டீங்க" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தங்கை அப்போது மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தடயவியல் மருத்துவப் புத்தகம் மேஜை மேல் கிடந்தது. சும்மா புரட்டினேன், துப்பாக்கிக் காயம் என்ற பாடம். தொடாதே, கழுவாதே, முதலில் அளவு கோல் வைத்துப் படம் எடு, உடையைப் பத்திரப்படுத்து, கண்டதை எழுது என்று இருந்தது. எனக்காகவே எழுதியது போலிருந்தது. அன்றில் இருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். இன்றைக்கு என் பிழைப்பே உடைந்த இரும்பைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வதுதான். இரும்பில் உள்ள முறிவும் உடம்பில் உள்ள காயமும் எனக்கு ஒரே பள்ளிக்கூடம்.

காயம் பொய் சொல்லுமா என்று தலைப்பு வைத்தேன். சொல்லாது. நுழைந்த காயம் சின்னதாகவும் இருக்கும், பெரிதாகவும் இருக்கும். வெளியேறியது கிழிந்தும் இருக்கும், வட்டமாகவும் இருக்கும். வேகம், தூரம், கோணம், நடுவில் இருந்தது, பின்னால் தாங்கியது, பிறகு பட்ட கை எல்லாம் சேர்ந்து போட்ட கூட்டுக் கையெழுத்து அது. அதில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மீதியை நாமே இட்டு நிரப்புகிறோம். பொய் அங்கேதான் பிறக்கிறது.

மாணவர்களுக்கு மூன்றே வேண்டுகோள். உடைந்த எதையும் படம் எடுத்து அளந்து குறிக்கும் முன் துடைக்காதீர்கள். அளப்பதை நகராத இடத்தில் இருந்து அளந்து எழுதுங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் நினைத்ததை இன்னொரு பக்கத்திலும் எழுதுங்கள். முதல் பக்கத்தை எவ்வளவு அழுக்கானாலும் கிழிக்காதீர்கள். ஆனால் ஒன்று: உயிர் ஊசலாடும்போது தடயம் பார்க்காதீர்கள். டல்லாஸில் டாக்டர் பெர்ரி கத்தி வைத்தது சரிதான். வைப்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஒரு வரி, அதே இரவு பெதஸ்டா போய்ச் சேர்ந்திருந்தால் போதும்.

நான் இன்றைக்கு எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரு ஆளின் வேலை இருக்கிறது. தடயவியல்காரர் எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரு ஆளின் கழுத்து இருக்கிறது. அன்று லேபில் சிரித்ததற்கு இன்று சாரிடம் இந்த மேடையில் இருந்தே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் நமக்காக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், என் இரும்பு இப்போதெல்லாம் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. நானும் அதைத் திருத்துவதில்லை.

 சாப்பிடப் போகலாம். வணக்கம்.